குரங்குக்குச் சீனம், யானைக்கு உருது, கமக்காரனுக்கு எது?

மொழி கற்பது மனிதனுக்கு மட்டுமே வாய்த்த தொல்லை என்று இதுகாறும் நம்பி வந்தோர் அந்நம்பிக்கையைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. இனி விலங்குகளும் பிறநாட்டு மொழிகளைக் கற்றாக வேண்டும். கற்காவிடின் அவற்றுக்கு உய்வில்லை என்பது நம் துணிபு. இதனை வேடிக்கையாகக் கொள்வோர் கொள்ளட்டும். ஆட்சியாளரின் அறிக்கைகளையும் நாளேடுகளின் செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர் நாம் கூறுவதில் மிகை சிறிதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்வர்.

பஞ்சதந்திரத்து நரியும் காகமும் பேசின. புத்த சாதகக் கதைகளின் குரங்கும் மானும் பேசின. ஆனால் அவை யாவும் கதை கேட்போரின் மொழியையே பேசின. கடவுச்சீட்டோ கப்பற்பயணமோ அவற்றுக்கு நேரவில்லை. நம் காலத்து விலங்குகளின் நிலை வேறு. அவற்றின் தலைவிதியை அமைச்சரவைகளும் தூதரகங்களும் எழுதுகின்றன. எழுதுகின்ற மொழி எதுவென்பதை அவற்றுக்கு எவரும் சொல்வதில்லை.

முதலாவது சான்று குரங்கு. 2023 ஏப்ரில் மாதத்தில் அந்நாளைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர ஒரு செய்தியை வெளியிட்டார். இலங்கையின் செங்குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும்படி வேண்டுகோள் வந்துள்ளதாம். அங்குள்ள மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அவை தேவையாம். செங்குரங்கோ இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். செய்தி கேட்டு உலகம் வியந்தது. கொழும்பிலிருந்த சீனத் தூதரகமும் சேர்ந்து வியந்தது. அத்தகைய வேண்டுகோள் எதனையும் தாம் அறியோம் என்று அது கைவிரித்தது. அரசாங்கம் கேட்கவில்லை, தனியார் நிறுவனமொன்றே கேட்டது என்று பின்னர் விளக்கம் வந்தது. சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. ஏற்றுமதி நடைபெறாது என்று சட்டமா அதிபர் சார்பில் மன்றுக்கு உறுதி கூறப்பட்டதும் கதை முடிந்தது. இடைப்பட்ட வாரங்களில் நம் குரங்குகள் சீனம் படிக்கத் தொடங்காதது அவற்றின் அசட்டையா, ஆட்சியாளரின் சொல்லை எத்துணை நம்பலாம் என்று அவை அறிந்திருந்த அனுபவமா என்பதைப் படிப்போர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது சான்று யானை. 1985 ஆம் ஆண்டில் காவன் என்னும் யானைக் குட்டியை இலங்கை பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இசுலாமாபாத் மிருகக்காட்சிச் சாலையில் அது முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தது. துணையாக இருந்த பெண்யானை 2012 இல் இறந்தபின் தனியே சங்கிலியோடு நின்று தலையை அசைத்தபடி வாழ்ந்தது. 2020 இல் இசுலாமாபாத் உயர்நீதிமன்றம் அதனை விடுவிக்குமாறு கட்டளையிட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வானூர்தியில் ஏற்றப்பட்டுக் கம்போடியா போய்ச் சேர்ந்தது. பயணத்துக்கு ஆயத்தப்படுத்திய மருத்துவர் அமீர் கலீல் அதற்கு ஆங்கிலப் பாட்டுப் பாடியே அதன் நட்பைப் பெற்றார். கணக்கைப் பாருங்கள்: பிறந்த மண்ணில் சிங்களம், வளர்ந்த இடத்தில் உருது, பயணத்துக்கு ஆங்கிலம், முதுமைக்குக் கெமர் மொழி. நம் வெளிநாட்டுச் சேவை அதிகாரிகளில் இத்துணை மொழிகளுக்கு ஆட்பட்டவர் எத்தனை பேர்?

கொடுத்ததைப் போல வாங்கியதும் உண்டு. 2001 இல் தாய்லாந்து நமக்களித்த யானைகளுள் ஒன்று முத்துராஜா. அளுத்கமவில் ஒரு விகாரையில் வளர்ந்த அவ்யானை நோயுற்று நலிந்த செய்தி தாய்லாந்தை எட்டியது. 2023 யூலை 2 ஆம் நாள் பெரிய சரக்கு வானூர்தியொன்றில் அது தாயகம் திரும்பியது. உடன் சென்றோர் தாய்லாந்துப் பாகர் நால்வர். இலங்கைக் காப்பாளர் ஒருவர். ஒரு யானைக்கு இரு மொழியிலும் ஆட்களை ஏற்பாடு செய்திருந்தனர் என்பதைக் கருத்திற் கொள்க. இச்செய்தியை நாம் பின்னரும் நினைவூட்டுவோம்.

மூன்றாவது சான்று நீதி பற்றியது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி கூறினார். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களும் அதனோடு நின்றன. அடுத்த நாட்களிலும் மின்வெட்டுத் தொடர்ந்தது. மின்னமைப்பின் வலுவின்மை பற்றிப் பொறியியலாளர் பின்னர் பேசினர். ஆயினும் முதற் குற்றவாளியாகப் பெயர் சொல்லப்பட்டது குரங்கே. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் முதற்பாடம். அக்குரங்கு மட்டும் ஏதேனும் ஒரு மொழியில் வாய்திறந்திருப்பின், ஒரு வாலின் அசைவுக்கே நாடு முழுவதும் இருளும்படி மின்னமைப்பை வைத்திருந்தவர் எவர் என்று கேட்டிருக்கும்.

அடுத்த மாதமே அதற்கு வேறொரு தேவை பிறந்தது. 2025 மார்ச் 15 ஆம் நாள் காலை எட்டு மணி முதல் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை நாடெங்கும் பயிரழிக்கும் விலங்குகளை எண்ணினர். செங்குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றைத் தத்தம் தோட்டத்தில் கண்டவாறு குறிக்கும்படி கமக்காரர் கேட்கப்பட்டனர். ஐந்து நிமிடம் அசையாது நிற்கவேண்டும் என்னும் அறிவித்தலை விலங்குகளின் மொழியில் எவரும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. எண்ணப்படுவோருக்கு விளங்காத மொழியில் எடுக்கப்படும் கணக்கு எத்தகையதாயிருக்கும் என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

விலங்குகளால் மொழி கற்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு அறிவியல் விடை பகர்கிறது. அங்கேரி நாட்டு ஆய்வாளர் 18 நாய்களை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குள் அமைதியாகப் படுக்கவைத்து ஒரே கதையை அங்கேரிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் வாசித்துக் காட்டினர். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வெவ்வேறாக இயங்குவதை 2022 ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர். வயது முதிர்ந்த நாய்களிடம் அவ்வேறுபாடு இன்னுந் தெளிவாயிருந்ததாம். பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தார் எலிகளைப் பழக்கி டச்சு மொழியையும் சப்பானிய மொழியையும் பிரித்தறியச் செய்தனர். பேச்சைப் பின்னோக்கி ஒலிபரப்பியபோது எலிகள் திகைத்தன. அவ்வாய்வுக்கு 2007 இல், சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் இக்நோபல் பரிசு கிடைத்தது. பின்னோக்கிப் பேசினால் விளங்காமற்போவது எலிக்கு மட்டும் உரிய குறைபாடன்று. சில அரசாங்கச் சுற்றறிக்கைகளின் தமிழாக்கத்தைப் படித்தோர் எலிகளின் துயரை நன்குணர்வர்.

இத்துணைச் சான்றுகளும் கிடைத்தபின், பாலாவிச் சந்தியிலேயே விலங்குகளுக்கொரு மொழிக்கல்லூரி நிறுவலாம் என்று பரிந்துரைக்க நமக்குத் தடையில்லை. இதைவிடப் பொருத்தமான இடம் இத்தீவில் அரிது. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட பெருவீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரிவது இங்கேதான். ஒருபால் உப்பளம், ஒருபால் சீமெந்துத் தொழிற்சாலை, அப்பால் புத்தளக் களப்பு. கற்பிட்டி வீதியில் சென்றால் சீனக் கடனுதவியுடன் சீன நிறுவனத்தால் கட்டப்பட்டு 2014 இல் நிறைவெய்திய 900 மெகாவாட் நுரைச்சோலை மின்நிலையம். முனையை அடைந்தால் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. கடலிலே ஓங்கில்களைக் காணவும் பட்டங்களைப் பற்றி அலைமேற் சறுக்கவும் ஐரோப்பாவெங்குமிருந்து வருகின்ற உல்லாசப் பயணிகள். இவ்வட்டாரத்து விலங்குக்கு ஒரு மொழி போதுமா?

ஓங்கிலுக்கு ஆங்கிலமும் செருமனும் கட்டாய பாடம். படகிலிருந்து எழும் வியப்பொலிகள் பெரும்பாலும் அம்மொழிகளிலேயே எழுகின்றன. புகைபோக்கியின் நிழலில் கூடுகட்டும் காகத்துக்குச் சீனம். களப்பில் வந்திறங்கும் பூநாரைக்குப் பாடம் வேண்டா. அது நாடுகடந்து பழகிய பறவை. கடற்புல் மேயும் கடற்பசுவுக்குப் பாக்குநீரிணையின் இரு கரையிலும் தமிழே போதும். கற்பிட்டி, புத்தள வீதிகளில் எவர்க்கும் வழிவிடாது நடுவே நிற்கும் கழுதை மட்டும் எம்மொழியையும் கற்க மறுக்கும். ஊதுகுழலொலி எந்நாட்டு வண்டியினுடையதாயினும் அது நகர்வதில்லை. கற்பூர வாசனை அறியாதது என்று அதனை இகழ்வது நம் வழக்கம். ஆயினும் அரசாணைக்கு அஞ்சித் தன் குரலை மாற்றிக்கொள்ளாத உயிர் இவ்வட்டாரத்தில் அது ஒன்றே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகைப்பு இம்மட்டில் நிற்க. விலங்குகள் ஏன் அயன்மொழி கற்கின்றன என்பதை ஆராய்ந்தோர் கண்ட இரு உண்மைகள் நகைப்புக்குரியன அல்ல.

கென்யா நாட்டு அம்போசெலிக் காட்டில், “அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது” எனப் பொருள்படும் ஒரே தொடரை மாசாய் மொழியிலும் கம்பா மொழியிலும் பதிவுசெய்து யானைகளுக்கு ஒலித்துக் காட்டினர். மாசாய் ஆடவர் யானைகளை ஈட்டியால் எறிவதுண்டு; கம்பா மக்களோ பெரும்பாலும் உழவர். மாசாய் ஆடவரின் குரல் கேட்டதும் யானைகள் நெருங்கிக் கூடி மோப்பம் பிடித்துப் பின்வாங்கின. அதே மாசாய் மொழியைப் பெண்களும் சிறுவரும் பேசியபோது அத்துணை அஞ்சவில்லை. 2014 இல் வெளியான ஆய்வு இது. யானை மொழியைக் கற்றது இலக்கியச் சுவைக்காக அன்று. ஈட்டியை யார் வைத்திருக்கிறார் என்பதை அறிவதற்காக.

தென்கொரியாவில் கோசிக் என்னும் யானை துதிக்கையை வாய்க்குள் வைத்துக் கொரிய மொழிச் சொற்கள் ஐந்தை மனிதக் குரலில் ஒலிக்கிறது: வணக்கம், உட்கார், இல்லை, படு, நல்லது. இதனை 2012 இல் அறிவித்த ஆய்வாளர் காரணமும் கூறினர். இளமையில் ஐந்தாண்டுகள் வேறு யானைகளே இன்றி மனிதர் நடுவில் அது தனியே வாழ்ந்தது. உறவுக்காகவே அவர்தம் ஒலியைப் பற்றிக்கொண்டது போலும். அது கற்ற ஐந்தில் இரண்டு ஏவற்சொற்கள் என்பதையும் நோக்குக. தனிமைப்பட்டவன் எசமானின் மொழியில் முதலிற் கற்பது கட்டளையையே.

அச்சமும் தனிமையும் விலங்குக்கு மொழிகற்பிக்கும் ஆசான்கள். குடிமகனுக்கும் அவையே ஆசான்களாக இருத்தல் தகுமா? இதுவே நம் வினா.

மொழி கற்பதை நாம் வெறுப்பவரல்லேம். அதிலும் புத்தளத்து மண்ணிலிருந்து பேசுவோர் அவ்வாறு வெறுக்கவும் ஒண்ணாது. 1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா கரையேறிய ‘பத்தாலா’ என்னும் துறையைப் புத்தளம் என்றே வரலாற்றறிஞர் கொள்வர். அங்கே தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவராயிருந்தார் என்றும், பிறநாடுகளைப் பற்றித் தம்மிடம் ஆவலோடு கேட்டறிந்தார் என்றும் அப்பயணி எழுதிவைத்தார். தமிழ் மன்னன் பாரசீகம் கற்றது வாணிபத்துக்காகவும் உலகை அறியும் ஆர்வத்துக்காகவும். எவரும் அவன்மேல் அதனைச் சுமத்தவில்லை. பாரசீகம் அறியாவிடின் உன் அரியணை பறிபோகும் என்று அச்சுறுத்தவும் இல்லை. விரும்பிக் கற்ற மொழி அரசனுக்கு அணியாயிற்று.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தபோது நேர்ந்தது இதன் மறுதலை. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்றாயிற்று. ஆங்கிலத்தில் அலுவல் பழகிய தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சியின்றேல் பதவியுயர்வில்லை, பதவியே இல்லை என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அண்டை வீட்டாரின் இனிய மொழி அச்சத்தின் மொழியாக்கப்பட்டது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்கான ஒழுங்குவிதிகள் வர எட்டாண்டுகள் சென்றன. 1987 இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988 இல் பதினாறாந் திருத்தம் அவ்வுரிமையை விரித்துரைத்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 யூலைக்குப் பின் அரச சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரசகரும மொழியிற் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. ஏட்டில் நமக்குக் குறையில்லை.

குறை எங்கே? மேசையில்! சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும், எந்த அலுவலருடனும் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் மறுமொழி பெறவும் எவருக்கும் உரிமையுண்டு என்கிறது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை. வடக்குக் கிழக்குக்கு வெளியே, வடமேல் மாகாணத்துப் புத்தளத்தில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு இதனினும் உயிரான உறுப்புரை வேறில்லை. தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வழங்கும் கரை இது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, வீட்டையும் வயலையும் இழந்து பாலாவியிலும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களிடமிருந்து பறிக்கப்படாது எஞ்சிய உடைமை மொழி ஒன்றே. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இதே அலுவலகப் படிகளில் ஏறுகின்றனர்.

வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவ முதலிய பகுதிகளில் யானை இரவில் வருகிறது. வேலியை முறிக்கிறது, தென்னங்கன்றைப் பிடுங்குகிறது, சில வேளை உயிரையும் கொள்கிறது. 2022 இலும் 2023 இலும் ஆண்டொன்றுக்கு நானூறு யானைகளுக்கு மேலும் மனிதர் நூற்றுவருக்கு மேலும் இந்நாட்டில் இம்மோதலில் மாண்டனர். விடிந்தபின் கமக்காரன் கையில் என்ன இருக்கிறது? ஒரு விண்ணப்பப் படிவம். அது தனக்கு விளங்காத மொழியில் இருந்தால் அவன் என் செய்வான்? படிவம் நிரப்பித் தருவோருக்குக் கூலி கொடுத்து, அவர் எழுதியது யாதென்று அறியாமலே கையொப்பமிடுவான். கையொப்பத்தின்கீழ் உள்ள உறுதிமொழியில் பிழையிருப்பின் பொறுப்பு அவனுடையது. எத்தனை மரம் அழிந்தது என்பதில் ஓர் இலக்கம் மாறினாலும் நட்டஈடு போய்விடும். யானை அழித்தது போக எஞ்சியதை மொழி அழிக்கும் நிலை இது. மருந்தகத்தில் நோயைச் சொல்லும் தாய்க்கும், காவல் நிலையத்தில் முறைப்பாடு எழுதுவிக்கும் மீனவனுக்கும் நேர்வது இதுவே.

முத்துராஜாவை இங்கே நினைவுகூர்க. ஆறு மணிநேர வானப் பயணத்துக்கு ஒரு யானைக்கு இரு நாட்டுப் பாகரை உடனனுப்பத் தெரிந்தது. அதன் நலனுக்கு அது வேண்டும் என்பதை இரு அரசாங்கங்களும் உணர்ந்திருந்தன. நன்று; அதனை நாம் பாராட்டுகிறோம். அந்த யானைக்குக் காட்டிய கருணையில் ஒரு கூறு, பிரதேச செயலகத்தின் வரிசையில் நிற்கும் கமக்காரனுக்கும் கிடைக்கவேண்டும் என்றே கேட்கிறோம். அவன் கேட்பது சலுகையன்று. நாட்டின் மூலச்சட்டம் தந்த உரிமை.

நம் வேண்டுகை நான்கே. தமிழ் பேசும் மக்கள் நாடும் ஒவ்வோர் அலுவலகத்திலும் படிவம் தமிழிலும் கிடைக்கவேண்டும். கிடங்கில் அன்று, மேசைமேல். தமிழ் அறிந்த அலுவலர் ஒருவரேனும் கடமை நேரம் முழுவதும் இருக்கவேண்டும். யானை நடமாட்டம், வெள்ளம், புயல் ஆகிய எச்சரிக்கைகள் தமிழிலும் அதே வேளையில் வெளிவரவேண்டும். உயிர்காக்கும் செய்திக்கு மொழிபெயர்ப்புத் தாமதம் என்று சாக்குச் சொல்லுதல் கொடுமை. இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கான சுற்றறிக்கை, சம்பளத்துக்கு மட்டும் எழுதப்படும் பரீட்சையாக முடியாது, மக்களோடு பேசும் ஆற்றலாக மலரவேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. உரிமை பயன்படுத்தப்படாவிடின் துருப்பிடிக்கும். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள்; மறுமொழியைத் தமிழில் கேளுங்கள்; மறுக்கப்பட்டால் நாளையும் அலுவலகத்தையும் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, மருத்துவர்களே, பொறியியலாளர்களே! மாதத்தில் ஒரு நாள் உங்கள் ஊர்க் கமக்காரரோடு அமர்ந்து அம்முறையீட்டை எழுதிக்கொடுங்கள். படித்தவன் தனக்கு ஆங்கிலம் இருக்கிறது, தான் தப்பித்துக்கொள்வேன் என்று ஒதுங்கினால் படியாதவன் என்றென்றும் படியோரத்திலேயே நிற்பான்.

சிங்களத்தையும் கற்போம், விரும்பிக் கற்போம். பாலாவிச் சந்தையில் தேங்காய் விற்பவரும் வாங்குபவரும் இரு மொழியிலும் பேரம் பேசிச் சிரித்துப் பிரிகின்றனர். சட்டம் சாதிக்காததை அவர்கள் நாள்தோறும் சாதிக்கின்றனர். அந்த மனமகிழ்ச்சியோடு கற்கும் மொழி உறவை வளர்க்கும். ஈட்டிக்கு அஞ்சி மொழி கற்பது யானைக்கு இயல்பு; ஆட்சிக்கு அஞ்சி மொழி கற்கும் நிலையைக் குடிமகனுக்கு விதிக்கும் அரசு, தன் குடிகளைக் குடிகளாக மதிக்கவில்லை என்பதே பொருள்.

விலங்குகள் வேண்டுமாயின் பிறநாட்டு மொழிகளைக் கற்கட்டும். தமிழ் பேசும் கமக்காரன் தன் சொந்த நாட்டில் தன் சொந்த மொழியில் தன் இழப்பைச் சொல்லட்டும். அரசு அவனுக்கு அம்மொழியிலேயே விடை பகரட்டும்!